குயவர் மகன் அடித்த காசு

சென்ற இதழில் திமோலியோனை, சிராக்யூஸ் மக்கள் கொடுத்த வீட்டில், பார்வை போன முதியவராக விட்டுவிட்டு வந்தோம். கொரிந்திலிருந்து கப்பலேறி வந்து, சிசிலித் தீவின் அந்தப் பெருநகரத்தைக் கொடுங்கோலர்களிடமிருந்து மீட்டு, ஆட்சியை மக்களிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் அவர். அவர் காலத்து வெண்கலக் காசில் ஒரு பக்கம் விடுதலை தரும் ஸீயஸின் தலை. மறுபக்கம் ஸீயஸின் இடிப்படை, பக்கத்தில் ஒரு கழுகு, சுற்றிலும் ‘சிராக்யூஸ் மக்களுடையது’ என்ற எழுத்து. அந்த இடிப்படையை மறந்துவிட வேண்டாம். நம் இந்திரன் கையிலிருக்கும் வச்சிரத்துக்கு அது பங்காளி. உருவமும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால், இனி அதை வச்சிரம் என்றே சொல்கிறேன்.

இந்த வாரக் காசு அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு இளையது. இதுவும் வெண்கலம், இதுவும் சிராக்யூஸ். அகலத்தில் நம் ஐந்து ரூபாய்க் காசு அளவு இருக்கும். எடை எட்டு முதல் பத்து கிராம் வரை. முன்பக்கம் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் தலை, வலப்பக்கம் பார்த்தபடி. கூந்தலை வாரிக் கட்டியிருக்கிறாள்; காதில் தொங்கல், கழுத்தில் மாலை, தோளுக்குப் பின்னால் அம்பறாத்தூணியின் வாய் எட்டிப் பார்க்கிறது. முகத்துக்கு அருகில் ‘ஸோடெய்ரா’ என்று எழுதியிருக்கிறது. காப்பவள் என்று பொருள். திருப்பினால் நடுவில் கிடையாக வச்சிரம், மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. ‘அகதோக்ளியோஸ்’, ‘பசிலியோஸ்’. மன்னன் அகதோக்ளிஸுடையது.

கழுகு இல்லை. நகரத்தாரின் பெயரும் இல்லை. வச்சிரம் மட்டும் தங்கிவிட்டது.

இந்தக் காசு மலிவாகவே கிடைக்கிறது. பழங்காசு சேகரிப்பவர்கள் பலரிடம் ஒன்றாவது இருக்கும், அவ்வளவு ஏராளமாக அடித்திருக்கிறார்கள். கீழச்சைப் பட்டறையில் பதித்து, காய்ச்சிய வெண்கல வில்லையை அதன் மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஒரு போடு. ஆள் சற்றுக் கை தவறினால் உருவம் ஓரமாக நகர்ந்துவிடும். இந்த வகையில் பல காசுகளில் மேல்வரியிலோ கீழ்வரியிலோ நாலைந்து எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விட்டிருக்கும். சிலவற்றில் அரசனின் பெயர் பாதி இருக்கும், பட்டம் இருக்காது. சிலவற்றில் பட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும். சந்தையில் கீரை வாங்கியவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வெண்கலத்தைக் காசாக்குவதில் சிசிலிக்காரர்கள் மற்ற கிரேக்கர்களுக்கு முன்னோடிகள், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டார்கள். கூலிப்படைக்கு வெள்ளியும் பொன்னும், அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு வெண்கலம். அதனால்தான் ஆட்சியின் பேச்சை ஊரில் கடைசி ஆள் வரை கொண்டுபோனது இந்தச் சில்லறை. அதில் என்ன எழுதுவது என்பதை ஆள்பவன் யோசிக்காமல் விட்டிருப்பான் என்று நான் நம்பவில்லை.

அகதோக்ளிஸ் கி.மு. 361-இல் பிறந்தவன். பிறந்த ஊர் சிராக்யூஸ் இல்லை. சிசிலியின் வடகரையில், ஆப்பிரிக்கக் கரை நகரமான கார்தேஜின் ஆளுகையில் இருந்த தெர்மே. இன்றைய தெர்மினி இமெரேஸே. தகப்பன் கார்கினோஸ், இத்தாலியின் ரேகியத்திலிருந்து பிழைக்க வந்த குயவர். குழந்தை பிறக்குமுன் கெட்ட கனவுகள் வந்தன, இந்தப் பிள்ளையால் கார்தேஜியர்களுக்கும் சிசிலி முழுமைக்கும் பெருங்கேடு விளையும் என்று டெல்ஃபியில் குறி சொன்னார்கள், தகப்பன் குழந்தையைப் பொதுவிடத்தில் போட்டுவிட்டான், தாய் திருட்டுத்தனமாக எடுத்துத் தன் அண்ணன் வீட்டில் வளர்த்தாள் என்றொரு கதை உண்டு. ஏழு வயதில் தகப்பன் பார்த்து, இருந்திருந்தால் நம் பிள்ளையும் இந்த வயதுதானே என்று கண் கலங்கினானாம். கம்சனுக்கும் கண்ணனுக்கும் பழகிய நமக்கு இப்படிக் கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரியும். ஆள் பெரியவனான பிறகு தொட்டில் தயாராகும். திமோலியோன் சிராக்யூஸில் குடியேற விரும்பியவர்களுக்கெல்லாம் குடியுரிமை தந்தபோது இந்தக் குடும்பமும் அங்கே வந்து பெயர் பதிந்துகொண்டது. அது வரலாறு.

பையன் திருகையை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தான். மற்றவர்களால் தூக்கக்கூட முடியாத கனத்த கவசம் அணிந்து பயிற்சிக்கு வருவான் என்கிறார்கள். டமாஸ் என்ற செல்வர் ஆதரித்தார். டமாஸ் இறந்ததும் அவருடைய விதவையை மணந்து அகதோக்ளிஸ் ஒரே நாளில் பணக்காரன் ஆனான். அப்போது நகரத்தில் அறுநூறு பேர் கொண்ட பெரிய மனிதர்கள் கூட்டம் கோலோச்சிக்கொண்டிருந்தது. அவர்களோடு மோதி, ஊரை விட்டு ஓடி, தென்னித்தாலியில் கூலிப்படைத் தலைவனாகத் திரிந்து, திரும்பி வந்து, மறுபடி ஓடி, மறுபடி வந்தான். அந்த ஆண்டுகளைத் தாண்டிப் போவோம். கி.மு. 317-இல் அமைதியைக் காக்கும் தளபதி என்று அவனையே நியமித்து, கோயிலில் சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள். மக்களாட்சிக்குக் கேடு செய்ய மாட்டேன் என்பது சத்தியம்.

படைக்கு ஆள் திரட்டுவதாகச் சொல்லி, ஒரு விடிகாலையில் வீரர்களைக் கூட்டினான். கூட்டிய இடம் திமோலியோன் நினைவாக, அவர் பெயரிலேயே கட்டிய மண்டபம். அங்கிருந்துதான் எக்காளம் ஊதியது. இரண்டு நாள் வெட்டும் கொள்ளையும். நாலாயிரத்துக்கு மேற்பட்டவர் செத்தார்கள், ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர் மதில் ஏறிக் குதித்து ஓடினார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் டயோடோரஸ். செத்தவர்கள் செய்த குற்றம் நல்ல குடும்பத்தில் பிறந்தது ஒன்றுதான் என்பது அவர் கருத்து.

அடுத்து நடந்தது, எனக்குப் பட்டவரை, கொலையைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மிச்சமிருந்தவர்களை மன்றத்தில் கூட்டி, நகரத்தைச் சுத்தம் செய்துவிட்டேன், மக்களாட்சியை உங்களிடம் ஒப்படைக்கிறேன், எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படைமேலாடையைக் கழற்றிப் போட்டு, சாதாரணக் குடிமகன் போர்வையைப் போர்த்திக்கொண்டான். கூட்டத்தில் பாதிப் பேர் கொள்ளையில் பங்கு வாங்கியவர்கள். இவன் போனால் கணக்குக் கேட்க ஆள் வருவான் என்று அவர்களுக்குத் தெரியாதா? போகாதே என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, இருக்கிறேன், ஆனால் பக்கத்தில் இன்னொரு தளபதி கூடாது, தனியாள் என்றால் சரி என்றான். கைதூக்கி நிறைவேற்றினார்கள். கடன்கள் தள்ளுபடி என்றும் ஏழைகளுக்கு நிலம் என்றும் வாக்குக் கொடுத்தான். மெய்க்காவலரே இல்லாமல் கூட்டத்தில் நடந்தான், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்று இருந்தான். வெள்ளிக் காசில் இந்த ஆண்டுகளிலும் ‘சிராக்யூஸ் மக்களுடையது’ என்ற பழைய எழுத்தே ஓடிக்கொண்டிருந்தது.

அவன் வாழ்க்கையை நமக்குச் சொல்பவர்கள் யார் என்று இங்கே ஒரு வார்த்தை. திமாயஸ் என்ற வரலாற்றாசிரியரை அகதோக்ளிஸ் சிசிலியிலிருந்தே துரத்தினான். அவர் ஏதென்ஸில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க வஞ்சம் தீர்த்து எழுதினார். கல்லியாஸ் என்பவர் அவனிடம் பரிசு வாங்கிப் புகழ்ந்து தள்ளினார். இரண்டுமே முழுதாக நம் கைக்கு வரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இப்படிப்பட்டவர்களைப் படித்துத் தொகுத்த டயோடோரஸ்தான் நமக்கு முக்கியச் சாட்சி. அவரும் சிசிலிக்காரர். திமாயஸின் கடைசி ஐந்து நூல்களை நம்பக்கூடாது என்று எச்சரித்தவரும் அவரே. ஆகவே இனி வரும் கொடுமைகளில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். முழுக்கத் தள்ளிவிட முடியாது.

கி.மு. 311-இல் ஹிமேரா ஆற்றங்கரையில் கார்தேஜியர்களிடம் பெருந்தோல்வி. கடுங்கோடை. தப்பி ஓடிய கிரேக்கர்கள் தாகம் தாங்காமல் ஆற்றில் விழுந்து குடித்தார்கள். அந்த ஆறு உப்பு. உடம்பில் ஒரு காயம்கூட இல்லாத பிணங்கள் கரையோரம் கிடந்தனவாம். ஏழாயிரம் பேர் போனார்கள். கூட்டாளி நகரங்கள் கைவிட்டன. சிராக்யூஸைத் தரையில் முற்றுகையிட்டு, துறைமுக வாயிலையும் கார்தேஜ் கப்பல்கள் அடைத்துக்கொண்டன.

இந்த நிலையில் அவன் எடுத்த முடிவுதான் அவனை வரலாற்றில் வைத்திருக்கிறது. உள்ளே பூட்டப்பட்டவன், பூட்டியவனின் வீட்டைக் கொளுத்தப் புறப்பட்டான். எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. வணிகர்களிடம் கடன் வாங்கினான். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைத் தானே காப்பாளர் என்று எடுத்துக்கொண்டான். கோயில் காணிக்கைகளையும் பெண்களின் நகைகளையும் சேர்த்தான். படையில் ஆள் எடுத்தபோது ஒரு வீட்டில் அண்ணனை எடுத்தால் தம்பியை ஊரில் விட்டான், தகப்பனை எடுத்தால் மகனை விட்டான். ஊரில் இருப்பவர்கள் கலகம் செய்தால் கப்பலில் இருப்பவன் பிணை, கப்பலில் கலகம் என்றால் ஊரில் இருப்பவன் பிணை. நகரத்தைத் தம்பியிடமோ மகனிடமோ விடாமல், அண்ணன் அன்டான்டரிடம் விட்டான்.

அறுபது கப்பல்கள் தயாராகக் காத்துக் கிடந்தன. தானியக் கப்பல்கள் சில நகரத்தை நோக்கி வர, அவற்றைப் பிடிக்க முற்றுகைக் கப்பல்கள் நகர்ந்தன. வாயில் திறந்த அந்தக் கணத்தில் அகதோக்ளிஸ் துடுப்பு வலித்து வெளியேறினான். எதிரி திகைத்து, தானியத்தை விட்டுவிட்டு இவனைத் துரத்த, தானியம் துறைமுகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இருட்டியதால் இவனும் தப்பினான்.

மறுநாள் பகலில் சூரியன் அணைந்தது. விண்மீன்கள் தெரிந்தன. அது கி.மு. 310 ஆகஸ்ட் 15. வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லும் தேதி. பழங்கால வரலாற்றில் ஒரு படைப் பயணத்துக்கு இப்படி நாள் குறிக்க வாய்ப்பது அபூர்வம். பூமியின் சுழற்சி காலப்போக்கில் எவ்வளவு மந்தமாகியிருக்கிறது என்று ஆராய்பவர்கள் இன்றும் இந்தக் கிரகணத்தை எடுத்துப் பேசுகிறார்கள். கப்பல்கள் சிசிலியின் வடக்கே சுற்றிப் போயினவா தெற்கேயா என்று அவர்களுக்குள் வழக்கு உண்டு. கப்பலில் இருந்தவர்களுக்கு வானியல் வேண்டியிருக்கவில்லை, ஆறுதல் வேண்டியிருந்தது. புறப்படுமுன் கிரகணம் வந்திருந்தால் நமக்குக் கேடு. புறப்பட்ட பின் வந்ததால் யாரை எதிர்த்துப் போகிறோமோ அவர்களுக்குக் கேடு. அகதோக்ளிஸ் சொன்ன விளக்கமாக வரலாற்றாசிரியர் ஜஸ்டின் தருவது இது. ஜோசியம் தெரிந்தவன் சொன்னால்கூட இவ்வளவு சுருக்காகச் சொல்லியிருக்க மாட்டான்.

ஆறு பகல், ஆறு இரவு. ஏழாம் நாள் விடியலில் ஆப்பிரிக்கக் கரையும் பின்னாலேயே கார்தேஜ் கப்பல்களும் தெரிந்தன. ஓட்டப் பந்தயம்போல் ஓடிக் கரையேறினார்கள். இறங்கிய இடம் கல் வெட்டியெடுத்த குழிகள் நிறைந்த கரை. இன்றைய துனீசியாவில், கேப் பான் முனையில் உள்ளது. அங்கே படையைக் கூட்டி, வெள்ளைப் போர்வையும் தலையில் மாலையுமாக வந்து நின்றான் அகதோக்ளிஸ். துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்பினால் கப்பல்களையெல்லாம் தீபமாக ஏற்றுகிறேன் என்று டெமீட்டருக்கும் அவள் மகள் கோரேவுக்கும் நேர்ந்துகொண்டதாகச் சொன்னான். சிசிலியின் காவல் தெய்வங்கள் அவர்கள். நேர்ச்சையை மீற எவன் துணிவான்? உதவியாள் தீவட்டியைக் கொடுக்க, தன் கப்பலின் பின்தளத்தில் ஏறி முதல் நெருப்பை வைத்தான். ஒவ்வொரு கப்பல் தலைவனும் தன் தன் கப்பலில் வைத்தான். எக்காளம் முழங்கியது, வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆரவாரம் அடங்கிய பிறகுதான் ஊருக்கும் தங்களுக்கும் நடுவில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்று உறைத்ததாம். கப்பல்களைக் காக்க ஆள் விட்டால் போரிட ஆள் போதாது, விடாவிட்டால் எதிரி கொண்டுபோவான் என்பது உண்மைக் காரணம். நேர்ச்சை என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

ஏறக்குறைய இந்த ஆண்டுகளில் அடித்த வெள்ளிக் காசில் அந்தக் கோரே வருகிறாள், கூந்தலில் கதிர் செருகிக்கொண்டு. மறுபக்கம் வெற்றித் தெய்வம் நீக்கே, கையில் சுத்தியலோடு, வெற்றிச் சின்னமாக நட்ட கம்பத்தில் தலைக்கவசத்தை அறைந்துகொண்டிருக்கிறாள். அந்தக் காசில்தான் நகரத்தார் பெயர் நழுவி, ‘அகதோக்ளிஸைச் சார்ந்தது’ என்ற எழுத்து நுழைந்தது. பட்டம் இன்னும் இல்லை. வெறும் பெயர்.

கரையிலிருந்து உள்ளே போனால் வாய்க்கால் பாய்ந்த தோட்டங்கள், திராட்சை, ஒலிவம், மேயும் மந்தைகள், சுண்ணம் பூசிய மாளிகைகள். தலைமுறைகளாகப் படை பார்க்காத ஊர்கள். இரண்டு ஊர்களைப் பிடித்ததும் கார்தேஜ் நாற்பதாயிரம் காலாட்களோடு எதிரே வந்தது. இவனிடம் இருந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதிலும் பலரிடம் ஆயுதமே சரியாக இல்லை. கேடயம் இல்லாதவர்களுக்குக் கேடய உறைகளைக் குச்சியில் விரித்துக் கட்டிக் கையில் கொடுத்தான். பக்கத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கேடய வரிசை. வீரர்கள் இன்னும் வெளிறிப்போய் நிற்பதைக் கண்டு, முன்னேற்பாடாகப் பிடித்து வைத்திருந்த ஆந்தைகளைப் படைக்கு நடுவே பல இடங்களில் பறக்கவிட்டான். அவை பகல் வெளிச்சத்தில் கண் தெரியாமல் கேடயத்திலும் தலைக்கவசத்திலும் வந்து உட்கார்ந்தன. ஆந்தை அதீனாவின் பறவை. நமக்கு அது அபசகுனம், அவர்களுக்குத் தெய்வமே வந்து தோளில் உட்கார்ந்த மாதிரி. வென்றார்கள். கார்தேஜ் பாசறை வண்டிகளில் இருபதாயிரம் ஜோடிக்கு மேல் கைவிலங்குகள் கிடைத்தன. ஒருவரையும் விடாமல் அடிமையாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்று எதிரி எடுத்து வந்தவை.

சிராக்யூஸில் இதற்கிடையில், கரையில் எரிந்த கப்பல்களின் வெண்கல மூக்குகளைக் கார்தேஜியர்கள் கொண்டுவந்து காட்டி, உங்கள் படை ஒழிந்தது, கதவைத் திறங்கள் என்றார்கள். அன்டான்டர் திறக்கவே பார்த்தான். அவனோடு இருந்த எய்டோலியாவைச் சேர்ந்த எரிம்னோன் என்பவன்தான் பொறுக்கச் சொன்னான். சில நாளில் வெற்றிச் செய்தியோடு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. அடுத்து கார்தேஜ் தளபதி ஹமில்கர் இரவுத் தாக்குதலில் பிடிபட்டான். அவன் தலையை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அகதோக்ளிஸ் குதிரையில் எதிரிப் பாசறை அருகே போய் அதைத் தூக்கிக் காட்டினான்.

ஆப்பிரிக்கப் போர் மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிரீனே நகரில், எகிப்தை ஆண்ட டாலமியின் ஆளாக இருந்த ஒஃபெல்லாஸ் என்ற பழைய மாசிடோனியத் தளபதியை, சேர்ந்து கார்தேஜை வீழ்த்துவோம், ஆப்பிரிக்கா உனக்கு, சிசிலி போதும் எனக்கு என்று ஆசை காட்டி வரவழைத்தான். ஒஃபெல்லாஸ் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட காலாட்களையும், புது ஊரில் குடியேறும் கனவோடு வந்த குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாத, பாம்பு நிறைந்த பாலையில் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்து வந்தான். அகதோக்ளிஸ் வரவேற்று, சாப்பாடு போட்டு, களைப்பாறச் சொன்னான். ஒஃபெல்லாஸின் ஆட்கள் தீவனமும் தானியமும் தேடிப் போயிருந்த ஒரு நாளில் அவன்மேல் பாய்ந்து கொன்று, தலைவனில்லாத படையைத் தன் படையோடு சேர்த்துக்கொண்டான். குடும்பங்களைச் சிராக்யூஸுக்குக் கப்பலேற்றினான். புயலில் சிக்கியதில், ஊர் போய்ச் சேர்ந்தவை சில கப்பல்களே. அதே சமயத்தில் கார்தேஜ் நகருக்குள் போமில்கர் என்ற தளபதி சர்வாதிகாரியாக முயன்று தெருச்சண்டையில் தோற்றான். அங்கே நடப்பது இங்கே தெரியவில்லை, இங்கே நடப்பது அங்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் இரண்டில் ஒரு பக்கம் அன்றே முடிந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் கிழக்கே அலெக்சாந்தரின் தளபதிகள் ஒவ்வொருவராகத் தங்களை மன்னர் என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஆன்டிகோனஸ், அவன் மகன் டெமெட்ரியஸ், டாலமி, மற்றவர்கள். படையிலோ நாட்டிலோ செயலிலோ நான் யாருக்குக் குறைந்தவன் என்று அகதோக்ளிஸும் பட்டத்தைச் சூட்டிக்கொண்டான். சிசிலியில் தன் பெயரோடு மன்னன் என்று காசில் பொறித்தவன் அதுவரை யாரும் இல்லை. நாம் கையில் வைத்திருக்கும் வெண்கலம் கி.மு. 304-ஐ ஒட்டி, பட்டத்துக்குப் பிந்தியது. ஆனாலும் கிழக்கத்திய மன்னர்கள் கட்டிய அரசப்பட்டையை அவன் தலையில் கட்டவில்லை. ஒரு பூசாரிப் பதவியின் பெயரால் எப்போதும் அணிந்த இலைமாலையோடு இருந்துவிட்டான். முன்மயிர் கொட்டிப்போனதை மறைக்கத்தான் அந்த மாலை என்று ஊரில் பேச்சு. காசிலும் தன் முகத்தைப் போடவில்லை. டாலமி எகிப்தில் தன் முகத்தையே பொறித்துக்கொண்டிருந்த காலம் அது. மன்றத்தில் படைமேலாடையைக் கழற்றிப் போட்ட அதே ஆள்தான் இந்தக் காசிலும் தெரிகிறான். மக்களுக்குப் பழகிய வச்சிரம், அவர்கள் ஊர்த் தீவான ஓர்டிஜியாவில் குடியிருக்கும் ஆர்ட்டெமிஸ், எல்லாம் அவர்களுடையவை. எழுத்து மட்டும் அவனுடையது.

ஆப்பிரிக்கா கடைசியில் கைகொடுக்கவில்லை. சிசிலிக் கலகங்களை அடக்க அவன் போய் வருவதற்குள், மூத்த மகன் ஆர்காகதஸ் படையைப் பிரித்துப் பிரித்து அனுப்பித் தோற்றிருந்தான். திரும்பி வந்து அகதோக்ளிஸும் தோற்றான். தப்ப முயன்றபோது வீரர்கள் பிடித்து விலங்கிட்டார்கள். ஓரிரவு எதிரி வருகிறான் என்று பாசறையில் பீதி கிளம்ப, கட்டோடு வெளியே கொண்டுவரப்பட்டவனைப் பார்த்துக் கூட்டம் இரங்கி, அவிழ்த்துவிடுங்கள் என்று கத்தியது. அவிழ்த்த கையோடு சில பேருடன் ஒரு படகில் குதித்துப் போய்விட்டான். கி.மு. 307, குளிர்காலத் தொடக்கம், கடலில் யாரும் போகாத பருவம். செய்தி தெரிந்ததும் வீரர்கள் அவனுடைய மகன்கள் இருவரையும் வெட்டிக் கொன்றார்கள். பதிலுக்கு அவன் சிராக்யூஸுக்கு எழுதி, ஆப்பிரிக்காவில் இருந்த அந்தப் படையினரின் உறவினர்களை, தாத்தா முதல் கைக்குழந்தை வரை, அண்ணனைக் கொண்டே கொல்லவைத்தான். கப்பலேறும்போது வீடுவீடாகப் பிணை எடுத்தது சும்மா இல்லை. பணத்துக்காகச் செகெஸ்டா நகரத்தைச் சூறையாடி, ஏழைகளைக் கொன்று, பணக்காரர்களைச் சித்திரவதை செய்து, பிள்ளைகளை இத்தாலிக்கு விற்று, வெறுமையான ஊருக்கு நீதி நகர் என்று பெயர் வைத்ததும் இந்தச் சமயம்தான்.

கி.மு. 306-இல் சமாதானம். தோற்றவன் அவன், ஆனால் பணமும் தானியமும் கொடுத்தது கார்தேஜ். இரண்டு லட்சம் மெதிம்னோய் தானியம், முந்நூறு தாலந்து. திமாயஸ் மட்டும் நூற்றைம்பது என்று பாதியாகக் குறைத்தார். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுக்கு மேல் சிசிலியின் பெரும்பகுதியை அசைக்க முடியாத மன்னனாக ஆண்டான். டாலமி வீட்டுப் பெண் தியோக்ஸேனாவை மணந்தான். தன் மகள் லானஸ்ஸாவை எபைரஸ் மன்னன் பிர்ரஸுக்குக் கொடுத்து, கோர்சைரா தீவைச் சீதனமாக எழுதிவைத்தான். குயவர் மகன் இப்போது அலெக்சாந்தரின் வாரிசுகளுக்குச் சம்பந்தி.

பிறப்பை அவன் மறைக்கவில்லை. விருந்துகளில் கோமாளிபோல் ஆட்களைப் போலச் செய்து காட்டிச் சிரிக்கவைப்பான். பொற்கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, மண்பாண்டம் வனைந்துகொண்டே இருந்தேன், இந்தத் தரத்துக்குக் கை வந்த பிறகுதான் தொழிலை விட்டேன் என்பான். ஒரு முற்றுகையில் மதில்மேல் நின்றவர்கள், குயவனே, சூளைக்காரனே, படைக்குச் சம்பளம் எப்போது தருவாய் என்று கேலி செய்தார்கள். உங்கள் ஊரைப் பிடித்ததும் என்றான். பிடித்தான். அடிமைகளாக விற்றபோது, இனி என்னைத் திட்டினால் உங்கள் முதலாளிகளிடம் சொல்லிவிடுவேன் என்றானாம். விருந்தில் சிரித்த சிரிப்புக்கும் கணக்கு இருந்தது. குடி ஏற ஏற யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து வைத்து, தன்மேல் மனக்கசப்பு உள்ள ஐந்நூறு பேரை இன்னொரு நாள் தனி விருந்துக்கு அழைத்து, கூலிப்படையைச் சுற்றி நிறுத்திக் கொன்றான். ஹன்னிபாலை வென்ற ரோமத் தளபதி ஸ்கிப்பியோவிடம், துணிச்சலும் அறிவும் ஒருசேரப் பெற்றுக் காரியம் சாதித்தவர்கள் யார் என்று கேட்டபோது, சிசிலியின் அகதோக்ளிஸும் டயோனீசியஸும் என்று பதில் சொன்னதாக போலிபியஸ் எழுதுகிறார். மாக்கியவல்லி ‘இளவரசன்’ நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இவனை எடுத்துக்கொண்டு, திறமையை ஒப்புக்கொண்டு, புகழை மட்டும் தர மறுக்கிறார். எனக்கு ஸ்கிப்பியோவைவிட மாக்கியவல்லி பக்கம் சாயத்தான் தோன்றுகிறது, அவர் நீதிமான் என்று பெயர் வாங்கியவர் இல்லை என்றாலும்.

கி.மு. 289-இல், எழுபத்திரண்டாம் வயதில் முடிவு வந்தது. அடுத்த பட்டம் இளைய அகதோக்ளிஸ் என்ற மகனுக்கு என்று அறிவிக்க, ஆப்பிரிக்காவில் கொலையுண்ட மகனின் பிள்ளையான பேரன் ஆர்காகதஸ் அந்தச் சித்தப்பனைக் கொன்றான். கிழவனை முடிக்க மேனோன் என்பவனைப் பிடித்தான். மேனோன் செகெஸ்டாக்காரன். அந்தச் சூறையாடலில் பிடிபட்டு, அழகன் என்பதால் அரண்மனையில் வளர்க்கப்பட்டவன். சாப்பிட்டதும் பல் குத்தும் பழக்கம் அரசனுக்கு உண்டு. மேனோன் நீட்டிய இறகுக் குச்சியில் அழுக வைக்கும் மருந்து தடவியிருந்தது. ஈறு அழுகி, வாய் அழுகி, வலி தாங்காமல் கிடந்தவனை, டெமெட்ரியஸின் தூதனாக வந்திருந்த ஆக்ஸிதெமிஸ் சிதையில் ஏற்றினான். அப்போதும் உயிர் இருந்தது; கத்த வாய் இல்லை என்கிறார் டயோடோரஸ். நோயில் செத்தான் என்றே ஜஸ்டின் சொல்கிறார். பல்குச்சிக் கதை செகெஸ்டாவுக்குப் பழி தீர்த்துவிடுகிறது, கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகிறது. அதனால் எனக்குச் சந்தேகம்.

சாகுமுன் மக்களைக் கூட்டி, பேரனைத் தண்டிக்கச் சொல்லி, மக்களாட்சியைத் திருப்பித் தந்தான். இந்த முறை மெய்யாகவே. தந்ததை வாங்கிக்கொண்ட மக்கள் அவன் சொத்தைப் பறிமுதல் செய்து, சிலைகளை இழுத்துத் தள்ளினார்கள். சிறிது காலத்தில் நகரத்தைப் பிடித்த ஹிக்கெட்டாஸின் வெண்கலக் காசில், கழுகு திரும்ப வந்து வச்சிரத்தின் மேல் ஏறி நிற்கிறது. சுற்றி மறுபடியும் ‘சிராக்யூஸ் மக்களுடையது’. ஹிக்கெட்டாஸும் தனியாளாக ஆண்டவன்தான், ஆனால் இந்த வெண்கலத்தில் அவன் தன் பெயரைப் போடவில்லை.

கூலிப்படைக்குத்தான் போக்கிடம் இல்லை. தென்னித்தாலியின் கம்பானியாவிலிருந்து அகதோக்ளிஸ் இறக்கிய ஆட்கள் வாக்குரிமை கேட்டுச் சண்டையிட்டார்கள். தீவை விட்டுப் போய்விடுகிறோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, சொத்தை விற்றுக் காசாக்கி, கப்பலேறுவதற்காக மெஸ்ஸானா துறைமுகம் வரை வந்தார்கள். அந்த ஊர் அவர்களை விருந்தாளிகளாக வீடுகளில் தங்கவைத்தது. இரவில் வீட்டுக்காரர்களைக் கொன்று, பெண்களையும் நிலத்தையும் பங்கிட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கள் போர்த்தெய்வம் மாமெர்ஸின் பெயரால் மாமெர்டைன்கள் என்று தங்களை அழைத்துக்கொண்டு, சொந்தமாக வெண்கலக் காசும் அடித்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து இவர்கள் கார்தேஜையும் ரோமையும் ஒரே நேரத்தில் உதவிக்கு அழைக்கப்போய், கி.மு. 264-இல் முதல் பியூனிக் போர் மூண்டது. அதற்கு முன்பே, கி.மு. 278-இல், லானஸ்ஸாவின் பழைய கணவன் என்ற உரிமையோடு யானைகள் சகிதம் சிசிலியில் வந்து இறங்கினான் பிர்ரஸ். அவன் காசை அடுத்த இதழில் எடுப்போம்.

(தொடரும்)